இருபத்திமூன்று பக்க நியாயம்

அன்ரி, இதிலை ஆரும் இருக்கினமோ? இல்லையெண்டா நான் இருக்கிறன். நீங்கள் தமிழ் எண்டு எப்பிடித் தெரியுமெண்டு பாக்கிறீங்களோ? உங்கடை பையைப் பாத்தனான். ரெண்டு மணித்தியாலப் பயணத்துக்கு ஏழு சாப்பாட்டுப் பெட்டி எங்கடை சனத்தைத் தவிர வேறை ஆரும் கட்டமாட்டினம். மகளிட்டைப் போறீங்களோ? பிள்ளை பிறந்திருக்கோ? நல்லது. அப்ப நீங்கள் கடைசி ஸ்டேசன். நான் அதுக்கு முதலே இறங்கீடுவன். ரெண்டு பத்துக்கு.

இல்லை அன்ரி, இந்தக் கடதாசி பைலை மேலை வைக்க மாட்டன். மடியிலையே இருக்கட்டும். இருவத்திமூண்டு பக்கம். ஒவ்வொரு பக்கமும் நான் இருந்து எழுதினது.

என்ரை பேர் ஆரபி. சட்டம் படிக்கிறன், மூண்டாம் வருசம். நிலக்சன் எண்டு கேள்விப்பட்டிருக்கிறீங்களோ? பந்தடிக்கிற நிலக்சன், புட்போல். இஞ்சை பிரான்சிலை ரெண்டாம் பிரிவிலை விளையாடின எங்கடை பெடியன். ஓம், அவன்தான்! பாத்தீங்களோ, உங்களுக்குக்கூடத் தெரியுது. அவன்ரை தங்கச்சி நான். அண்ணாவை அவன் இவன் எண்டு கதைக்கிறாளே எண்டு பாக்காதேங்கோ. போன வருசம் வரைக்கும் அவர் எண்டுதான் சொன்னனான். இப்ப வாயிலை வருகுதில்லை.

இண்டைக்கு மூண்டு மணிக்கு அவனுக்கு ஒரு மட்ச். பரீட்சை மாதிரி. மூண்டாம் பிரிவிலை ஒரு சின்னக் கழகம். முழங்கால் உடைஞ்சு பதினாலு மாசமா விளையாடாதவனை ஒருக்காப் பாப்பம் எண்டு கூப்பிட்டிருக்கினம். தொண்ணூறு நிமிசம். பிடிச்சா எடுப்பினம். பிடிக்காட்டி, இருவத்தாறு வயசிலை முழங்கால் உடைஞ்சவனை இனி ஆர் கூப்பிடப் போகினம்? பெரியப்பான்ரை கடையிலை மரக்கறிப் பெட்டி இறக்கிற வேலை ஒண்டு காத்துக்கொண்டு கிடக்கு. அவ்வளவுதான் மிச்சம்.

இதை எனக்கு அவன் சொல்லேல்லை. அம்மாவுக்குத்தான் சொல்லியிருக்கிறான். "ஆரபிக்குச் சொல்லாதேங்கோ" எண்டும் சொல்லியிருக்கிறான். அம்மாவுக்கு என்ன தெரியும்? அந்த விலாசத்தை என்னட்டையே கொண்டுவந்து நீட்டி, "அந்த இடம் குளிரோ எண்டு ஒருக்காப் பார் பிள்ளை" எண்டு கேட்டவ. நான் குளிரையும் பாத்தன், ரெயின் நேரத்தையும் பாத்தன்.

ஆரபிக்குச் சொல்லாதேங்கோ! வீட்டுக்கு வாற கடிதம் முழுக்க எட்டு வயசிலையிருந்து பிரிச்சு வாசிக்கிறது ஆர்? ஆரபி. மின்சாரக் கடிதம், பள்ளிக்கூடக் கடிதம், விசாக் கடிதம். அப்பான்ரை பிரெஞ்சு குசினிப் பிரெஞ்சு அன்ரி. கெதியா, சுடு, கழுவு. அதுக்கு மேலை போகாது. அண்ணாவைப் பயிற்சி நிலையத்திலை எடுக்கிறம், வந்து அங்கையே தங்கிப் படிக்கட்டும் எண்டு கடிதம் வரேக்கை அவனுக்குப் பதிமூண்டு, எனக்கு எட்டு. குசினி மேசைக்கு மேலை ஏறி நிண்டு வாசிச்சுக் காட்டினனான். அப்பாக்கு ஒரு சொல்லும் விளங்கேல்லை, ஆனா அழுதவர். எங்கை கையெழுத்து வைக்கிறதெண்டு விரலாலை காட்டினதும் நான்தான். அவன்ரை வாழ்க்கையிலை முதல் ஒப்பந்தம் என்ரை விரலுக்குக் கீழைதான் நடந்தது. சும்மா சொல்லேல்லை.

முதல் அவன் முன்னுக்குத்தான் விளையாடினவன். அங்கை இருந்த பயிற்சியாளர் பின்வரிசைக்கு மாத்தினவர், வலப் பக்கம். அப்பா ரெண்டு நாள் சாப்பிடேல்லை. எங்கடை ஆக்களுக்குப் பிள்ளை கோல் அடிக்க வேணும். பின்வரிசை எண்டா ஏலாதவையை விடுற இடம் எண்டு அவருக்கு நினைப்பு. நான் இருத்தி வைச்சு விளங்கப்படுத்தினனான். "அப்பா, கோல் அடிக்கிறவன் பத்துப் பிழை விட்டு ஒண்டு சரியாச் செய்தா வீரன். பின்னுக்கு நிக்கிறவன் பத்துச் சரியாச் செய்து ஒண்டு பிழை விட்டா முடிஞ்சுது." அப்பா யோசிச்சுப்போட்டு, "அப்ப ஏன் பிள்ளை அதிலை நிக்கிறான்?" எண்டு கேட்டவர். 

பத்தொன்பது வயசிலை பெரிய ரீமிலை இறங்கினவன். கழகத்தின்ரை பேர் சொல்ல மாட்டன். சட்டம் படிக்கிறனான், சொல்லக்கூடாது. தில்லையம்பலம் எண்ட அப்பான்ரை பேர்தான் இஞ்சை எங்களுக்குக் குடும்பப் பேர். பிரெஞ்சிலை எழுதினா பதினாலு எழுத்து. விளையாடுற சேட்டு முதுகிலை ஒரு கக்கத்திலை தொடங்கி மற்றக் கக்கத்திலை முடியும். வர்ணனை செய்யிறவன் ஒவ்வொரு முறையும் "தில்லே... தில்லே..." எண்டு தடக்குப்பட்டுக்கொண்டு நிப்பான், அதுக்குள்ளை பந்து வேறை ஆளிட்டைப் போயிடும். அறுவத்தொரு மட்ச் விளையாடினவன். ரெண்டு கோல், அதிலை ஒண்டு எங்கடை வலைக்குள்ளையே. பதினேழு மஞ்சள் அட்டை, சிவப்பு ஒண்டும் இல்லை. இந்தக் கணக்கு அவனுக்கே தெரியாது. ஒவ்வொரு மட்ச் முடியவும் எங்கை பிழை விட்டவன், எப்ப பின்னுக்கு வரேல்லை எண்டு அஞ்சு நிமிசம் குரல் பதிஞ்சு அனுப்புவன். அவன் திருப்பி ஒரு பெருவிரல் படம் அனுப்புவான். அறுவத்தொரு பெருவிரல் இன்னும் போனிலை கிடக்கு.

நீங்கள் சாப்பிடுங்கோ அன்ரி. எனக்கு வேண்டாம். சரி, ஒரு வடை மட்டும் தாங்கோ.

இப்ப கேளுங்கோ. போன வருசம் யூலை. உங்களுக்குத் தெரியும்தானே, கோடையிலை இஞ்சை எங்கடை ஊர்க் கழகங்கள் வைக்கிற பந்தடிச் சுற்றுப் போட்டி. எங்கடை ஊர் நாவற்கட்டு, அப்பா அம்மா பிறந்த இடம். நான் அந்த ஊரை ஒருநாளும் போய்ப் பாக்கேல்லை, அண்ணாவும் போகேல்லை, எண்டாலும் எங்கடை ஊர். பதினொரு வருசமா நாவற்கட்டுக்குக் கப் இல்லை. ஒவ்வொரு வருசமும் பக்கத்து ஊர் மணற்புட்டியிட்டைத்தான் தோக்கிறது. எங்கடை கழகத் தலைவர் செல்வராசா மாமா கழக வட்ஸ்அப் குறூப்பிலை, இருநூத்திநாப்பது பேருக்கு முன்னாலை, என்ன எழுதினவர் தெரியுமோ? "தில்லையின் மகன் வெள்ளைக்காரனுக்காகக் கால் தேய உழைப்பார், சொந்த ஊருக்காக ஒரு நாள் சேட்டுப் போட மாட்டார்." அப்பா அதை வாசிச்சுப்போட்டு போனைக் குப்புற வைச்சுப்போட்டு வேலைக்குப் போனவர். நான் விடுவனோ? உடனை எழுதினன். "நிலக்சன் விளையாடுவார். இது என் உத்தரவாதம். மணற்புட்டி இப்பவே அழத் தொடங்கலாம்." நூத்துப்பதினெட்டுக் கைதட்டு விழுந்தது.

பிறகுதான் அவனுக்குப் போன் எடுத்துச் சொன்னன்.

அவன் சொன்னான், "ஏலாது ஆரபி. ஒப்பந்தத்திலை கிடக்கு." நான் கேட்டன், "என்ன கிடக்கு? வாசி பாப்பம்." கழகத்தின்ரை எழுத்து அனுமதி இல்லாமல் வேறை மட்ச் ஒண்டும் விளையாடக்கூடாது. சரி. அப்ப மட்ச் எண்டா என்ன? அதுதான் என்ரை பைலிலை மூண்டாம் பக்கம். மத்தியஸ்தர் எங்கடை குகன் மாமா, ஊதுகுழல் மறந்துபோய் வாயாலை விசிலடிச்சவர். ஒரு பக்கத்துக்கு ஏழு பேர். ஒரு பாதி பதினைஞ்சு நிமிசம். கோடு போட்டது கோதுமை மாவிலை. இடையிலை ஒலிபெருக்கியிலை "கொத்துரொட்டிக் கடைக்கு முன்னாலை ஒரு வெள்ளைக் கார் மறிச்சுக்கொண்டு நிக்குது" எண்டு சொல்ல, மணற்புட்டியின்ரை கோல் காக்கிறவர் ஓடிப்போய்க் காரை எடுத்துப்போட்டு வந்தவர். உது மட்ச்சோ? நீங்களே சொல்லுங்கோ. ஒண்டுகூடல். குடும்ப நிகழ்வு.

"அப்ப அனுமதி கேப்பம்" எண்டவன். நான் சொன்னன், "கேட்டா இல்லை எண்டுவினம். கேக்காட்டி ஒருத்தரும் இல்லை எண்டு சொல்லேல்லைத்தானே?"  பிறகு "ம்" எண்டவன். "ம்" எண்டா சம்மதம். பன்ரண்டாம் பக்கம் முழுக்க அந்த "ம்" பற்றித்தான்.

அங்கை பதிவு மேசையிலை ஒரு பகிடி. வெளி ஊர் ஆளை இறக்கக்கூடாதெல்லோ, அதாலை மணற்புட்டி ஐயா ஒராள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விசாரிக்கிறார். "தம்பி ஆற்றை பேரன்? சிவன் கோயில் மேற்கு வீதியாலை வந்தா உங்கடை வீடு எந்தப் பக்கம்?" ரீவியிலை வாற ஆள், அறுவத்தொரு மட்ச், அதிலை நிண்டு முழிக்கிறான். நான் பின்னாலை நிண்டு "இடப் பக்கம், இடப் பக்கம், கிணத்துக்கு அங்காலை" எண்டு சொல்லிக் குடுத்தனான். "வலப் பக்கம் விளையாடுற பெடியனுக்கு வீடு இடப் பக்கமோ" எண்டு ஐயா பகிடி விட்டுப்போட்டுக் கையெழுத்து வைச்சவர். நான் இல்லாட்டி அதிலையே திருப்பி அனுப்பியிருப்பினம்.

அம்மா போன் எடுக்கிறா. ஒரு நிமிசம்.

ஓம் அம்மா. நூலகத்திலை. ஓம், சாப்பிட்டிட்டன். வடை. நூலகத்திலை வடை விக்கிறவையோ எண்டோ? இப்ப விக்கினம். என்ன சத்தம்? ஆரோ கதைக்கினம். இல்லை அம்மா, ஸ்டேசன் பேர் ஒண்டும் சொல்லேல்லை, அது... வைக்கிறன்.

சனியன். ஒலிபெருக்கியிலை சொன்னதைக் கேட்டிட்டா. அம்மாக்கு பிரெஞ்சு தெரியாது, ஆனா ரெயின் மணிச் சத்தம் தெரியும். பரவாயில்லை. அவ என்ன செய்வா? அவனுக்குச் சொல்லுவா. சொல்லட்டும்.

எங்கை விட்டன்? இறுதிப் போட்டி. முதல் ரெண்டு மட்சும் அவன் சும்மா நடந்தவன் அன்ரி. பாதிப் பலத்திலை. பந்து வந்தா மெல்லமா எடுத்து மெல்லமாக் குடுப்பான். ஒருத்தரோடையும் முட்டுறதில்லை. சனம் முணுமுணுக்கத் தொடங்கீட்டுது. செல்வராசா மாமா எனக்குக் கேக்கக்கூடியதா, "உத்தரவாதம் நல்லாத்தான் நடக்குது" எண்டவர். இறுதிப் போட்டியிலை ஒண்டுக்கு ஒண்டு. நாலு நிமிசம் கிடக்கு. மணற்புட்டியிலை ஒராள், பெயின்ற் வேலை செய்யிறவர், நாப்பது வயசு, முதல் வண்டி வயிறு வரும் பிறகுதான் ஆள் வருவார், அவர் பந்தோடை வாறார். இவன் பின்னுக்கு பின்னுக்கு நடக்கிறான். எனக்குப் பத்தீட்டுது. கத்தினன். "அண்ணா, என்ன மாப்பிள்ளை அழைப்போ? போய் எடுங்கோ!" சனம் கொல்லெண்டு சிரிச்சுது.

அவன் என்னை ஒருக்காத் திரும்பிப் பாத்தவன். பாத்துப்போட்டுத்தான் போனவன். தானாத்தான் போனவன், ஒருத்தரும் தள்ளேல்லை. வழுக்கிப்போய்ப் பந்தை எடுத்தான், அப்பிடி ஒரு எடுப்பு நான் அறுவத்தொரு மட்சிலையும் பாக்கேல்லை. எடுத்த பந்து நேரை எங்கடை முன்னுக்கு நிண்ட பெடியனிட்டைப் போய்க் கோல். நாவற்கட்டு கப் எடுத்திட்டுது! பதினொரு வருசம்! நான் துள்ளுறன், அப்பா துள்ளுறார், செல்வராசா மாமா என்னைத் தூக்குறார். மணற்புட்டி ஆளும் அண்ணாவும் கீழை கிடக்கினம். வண்டி வயித்துக்காரர் எழும்பீட்டார். இவன் எழும்பேல்லை.

கத்தினதாலைதான் எண்டு இப்ப எல்லாரும் சொல்லினம். பந்தடியிலை சனம் கத்தாதோ? கத்தாமல் பாக்கிறதெண்டா செஸ் பாக்கலாம்.

ஏன் நிக்குது? ரெயின் நிண்டிட்டுது. என்ன சொல்லுறாங்கள்? தண்டவாளத்திலை ஏதோ பழுதாம். நாப்பது நிமிசமாம்! விசரோ இவைக்கு? ரெண்டு பத்துக்கு இறங்கினா, கிறவுண்டுக்கு நடக்க இருவத்தைஞ்சு நிமிசம், மட்ச் தொடங்க முதல் பயிற்சியாளரைப் பிடிச்சு பத்து நிமிசம் கதைக்கலாம் எண்டு கணக்குப் போட்டு வந்தனான். இந்த பைலை அவற்றை கையிலை குடுக்க வேணும். ஓம், அதுக்குத்தான் போறன். வேறை என்னத்துக்கு? மட்ச் பாக்கவோ?

இருங்கோ, சொல்லுறன். முழங்கால். உள்ளை நரம்பு அறுந்து போச்சு. கழகத்துக்கு என்ன சொல்லுறதெண்டு அவன் கட்டிலிலை கிடந்து கேக்கிறான். நான்தான் சொன்னன், "அம்மா வீட்டுப் படிக்கட்டிலை வழுக்கினதெண்டு சொல்லு." எங்கடை கட்டடத்திலை லிப்ட் உண்மையிலையே பழுது, மூண்டு கிழமையா. முக்கால்வாசி உண்மை எண்டா அது பொய்யில்லை அன்ரி. ஏன் தலையை ஆட்டுறீங்கள்? அவையும் நம்பினவை. ஒப்பரேசன் செய்விச்சு, நல்லாப் பாத்தவை. எல்லாம் சரியாத்தான் போய்க்கொண்டிருந்தது.

பிறகு அந்த வீடியோ. எங்கடை ஊர்க் கழகம் பாட்டோடை, மேலை பறக்கிற கமராவோடை, இறுதிப் போட்டி முழுக்க எடுத்துப் போட்டது. நான் செய்தது கீழை பிரெஞ்சிலை ரெண்டு வரி எழுதினது மட்டும்தான். அவன்ரை பேர், அவன்ரை கழகத்தின்ரை பேர், "விடுமுறையிலும் தன் ஊருக்காக". எங்களோடை படிச்ச வெள்ளைப் பிள்ளையளுக்கும் விளங்க வேணுமெல்லோ? நாப்பதாயிரம் பேர் பாத்தவை. அதிலை ஆரோ ஒரு பொறாமை பிடிச்சவன் அவன்ரை கழகத்திட்டைக் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறான். ஆரெண்டு நான் இன்னும் தேடுறன். பதினெட்டாம் பக்கத்திலை அஞ்சு பேரிலை சந்தேகம் எழுதியிருக்கிறன். செல்வராசா மாமாவும் ஒராள்.

ஒக்ரோபரிலை விசாரணைக்குக் கூப்பிட்டவை. நான் மூண்டு கிழமை நித்திரை இல்லாமல் பத்தொன்பது பக்கம் எழுதினன். என்ரை சோதினைக்குக்கூட அப்பிடிப் படிக்கேல்லை. ஒரு பாடத்திலை பெயில். மட்ச் எண்டா என்ன, அனுமதி எண்டா என்ன, படிக்கட்டெண்டா என்ன, எல்லாம் கிடக்கு. முடியாத கட்டத்துக்கு, வீடியோவிலை நிக்கிறது எங்கடை பெரியப்பான்ரை மகன், அச்சொட்டா அண்ணா மாதிரி, எண்டும் ஒரு பக்கம் கிடக்கு. குடும்பத்தாக்களை உள்ளை விடேல்லை. வாசல்லை வைச்சு பைலை அவன்ரை கையிலை குடுத்து, "எட்டாம் பக்கத்திலையிருந்து தொடங்கு, அவை குறுக்கை கேட்டா பதினாலுக்குப் போ" எண்டு சொல்லி விட்டனான்.

பத்து நிமிசத்திலை வெளியிலை வந்திட்டான். நாடா கட்டினபடி பைல் அப்பிடியே கிடக்கு. அவிழ்க்கேல்லை அன்ரி. நான் என்ரை கையாலை கட்டின முடிச்சு.

"என்ன சொன்னனீ?"

"உள்ளதைச் சொன்னனான்."

"எந்த உள்ளதை?"

"விளையாடினனான். பொய் சொன்னனான்."

"அவ்வளவுமோ?"

"அவ்வளவும்தான். வா, அம்மா பாத்துக்கொண்டிருப்பா."

ஊண்டுகோலோடை லிப்டுக்கை ஏறினவன். கதவைப் பிடிச்சுக்கொண்டு நிண்டவன், நானும் ஏறுவன் எண்டு. நான் ஏறேல்லை. அஞ்சு மாடியும் படியாலை இறங்கினனான். அழேல்லை. ஆத்திரத்திலை கண் எரிஞ்சது.

அதையும் மன்னிச்சிருப்பன். பயந்திட்டான் எண்டு விட்டிருப்பன். நாலு நாளையாலை வீட்டுக்குக் கடிதம் வந்தது. நான்தான் பிரிச்சனான், வேறை ஆர் பிரிக்கிறது? வேலையாலை நிப்பாட்டியாச்சு. அதிலை விசாரணையிலை கேட்டதும் சொன்னதும் வரி வரியாக் கிடக்கு. "படிக்கட்டு எண்டு சொல்லும்படி உமக்கு ஆலோசனை தந்தவர் யார்?" அதுக்கு அவன் சொன்னது: "ஒருவரும் இல்லை. நானே யோசித்துச் சொன்னேன். என் குடும்பத்தில் எவருக்கும் இதில் தொடர்பில்லை."

ஒருவரும் இல்லையாம்! அப்ப நான் ஆர்? எட்டு வயசிலையிருந்து மேசைக்கு மேலை ஏறி நிண்டு வாசிச்சது ஆர்? நானே யோசிச்சனாம். அவன் வாழ்க்கையிலை தானா ஒண்டை யோசிச்சிருக்கிறானோ?

என்ன? என்னைக் காப்பாத்தச் சொன்னவனோ? நீங்களும் எங்கடை அம்மா மாதிரியே கதைக்கிறீங்கள். சட்டம் படிக்கிற பிள்ளை பொய் சொல்லிக் குடுத்தது எண்டு எழுத்திலை வந்தா என்ரை படிப்புக்குப் பிரச்சினை வருமாம், அதாலையாம். வரட்டுமே! வந்தா நான் வாதாடியிருப்பன். என்னை ஏன் ஆளில்லாத மாதிரி அழிக்கிறது? களவெடுத்தவன்கூடக் கூட்டாளியின்ரை பேரைச் சொல்லுவான். இதுக்குப் பேர் துரோகம் அன்ரி. வேறை பேர் இல்லை.

நான் அவனுக்கு எழுதினன். நீளமா. அதுக்குப் பெருவிரல்கூட வரேல்லை. பதினொரு மாசம். அவன் வீட்டுக்கு வாற நாளுகளிலை நான் நூலகத்திலை இருப்பன், உண்மையாவே இருப்பன். ஒரு நாள் பஸ்சிலை போகேக்கை கண்டனான். பூங்காவிலை தனிய நிண்டு, ஒரு மரத்திலையிருந்து மற்ற மரத்துக்கு ஓடுறான். நொண்டி நொண்டி. மரத்தைத் தொட்டுட்டுத் திரும்பவும் ஓடுறான். நான் அடுத்த தரிப்பிலை இறங்கித் திரும்பி வந்து பாத்தனான், வேலிக்கு இஞ்சாலை நிண்டு. இருவத்தாறு தரம் ஓடினவன். எண்ணினனான். கூப்பிடேல்லை. அவன்தானே முதல் கதைக்க வேணும்?

போன் அடிக்குது. பாருங்கோ ஆரெண்டு. அவன்! பதினொரு மாசத்துக்குப் பிறகு! அம்மா சொல்லியிருப்பா. நான் எடுக்க மாட்டன். இப்ப நான் தேவைப்படுறன், என்ன? அடிக்கட்டும். நிண்டிட்டுது. திருப்பி அடிக்கிறான். இல்லை அன்ரி, எடுக்க மாட்டன். நேரிலை கேக்கட்டும் மன்னிப்பு. போனிலை கேட்டுப்போட்டுத் தப்பலாம் எண்டு பாக்கிறான். மூண்டாந்தரம். பாத்தீங்களோ, மூண்டு தரம்! இப்ப என்ரை அருமை தெரியுது.

ரெயின் வெளிக்கிட்டிட்டுது. நல்லது.

புதுக் கழகத்துக்கு ஒண்டும் தெரியாதாம். முழங்கால் எப்பிடி உடைஞ்சதெண்டு கேட்டவையாம். "விளையாடேக்கை" எண்டு சொன்னவனாம். அவை அதோடை விட்டிட்டினமாம். அம்மா சொன்னவ, "அவையும் கேக்கேல்லை, அவனும் சொல்லேல்லை, நீ பேசாமல் இரு" எண்டு. அதெப்பிடி? கேக்காட்டிச் சொல்ல வேண்டாமோ? நாளைக்குப் பழைய கழகத்திலையிருந்து ஆரும் போய்ச் சொன்னா? அதுக்கு முதல் நாங்கள் சொல்ல வேணும். முறையா, ஆதாரத்தோடை. இவன் பொய்யனில்லை, அந்த ஒப்பந்தம்தான் பிழை, இந்தாங்கோ இருவத்திமூண்டு பக்கம், கடைசி நாலு பக்கமும் படிக்கட்டைச் சொல்லிக் குடுத்தது ஆர் எண்டதுதான், என்ரை பேரோடை. பயிற்சியாளருக்கு விளங்கும். அவனுக்கு வாய் இல்லை அன்ரி. சின்னனிலையிருந்தே இல்லை. அவனுக்காக ஆராவது கதைக்க வேணும்.

இந்தா வருகுது. இதுதான் நான் இறங்கிற ஸ்டேசன். மணி என்ன உங்கடை கையிலை? ரெண்டு அம்பத்தொண்டோ? ஐயோ, மட்ச் தொடங்கப் போகுது. ஓடினாலும்...

அன்ரி, அங்கை பாருங்கோ. அந்த இருக்கிற வாங்குக்குப் பக்கத்திலை. இல்லை, அந்தக் கிழவனில்லை, அங்காலை, நீளக் கோட்டுப் போட்டுக்கொண்டு. கீழை வெள்ளை நீளச் சொக்ஸ். பந்தடிச் சப்பாத்து. அவன்தான்! நிலக்சன்! விளையாட்டு உடுப்போடையே வந்து நிக்கிறான். அம்மா சொன்ன உடனை ரெண்டு பத்து ரெயினெண்டு பாத்திருப்பான், அப்ப தொடங்கி நிக்கிறான் போலை கிடக்கு. நாப்பது நிமிசம்! நான் சொன்னனான் எல்லோ? நான் இல்லாமல் அவனுக்கு ஏலாது எண்டு சொன்னனான் எல்லோ? கூட்டிக்கொண்டு போக வந்திருக்கிறான் அன்ரி!

கண்டிட்டான் என்னை. ஓடி வாறான். கால் நல்லாத்தான் இருக்கு, பாருங்கோ எப்பிடி ஓடுறானெண்டு. ரெண்டு கையையும் உயர்த்தி ஆட்டுறான். இறங்காதை எண்டு சொல்லுற மாதிரிக் கிடக்கோ? சீ, அது மெல்லமா இறங்கு, அவசரப்படாதை எண்டு. சின்னனிலையும் அப்பிடித்தான் செய்யிறவன்.

ஏன் அன்ரி என்ரை கையைப் பிடிக்கிறீங்கள்? விடுங்கோ, கதவு பூட்டப் போகுது. அவனுக்குப் பிந்திப் போச்சோ? அதுக்கு ஒண்டும் யோசிக்க வேண்டாம். நான் அவையோடை கதைக்கிறன்.